கட்டடத் தொழிலுரிமை வழங்குவார் அரசரோ, ஊராரோ?

நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஒரு வினாவை முன்வைத்து இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். ஒரு வீட்டிற்கு மின்சாரக் கம்பி இழுப்போர் சர்க்காரின் லைசென்சு, அஃதாவது உரிமைச் சீட்டு, உடையவராதல் வேண்டும். அவ்வீட்டிற்கே தண்ணீர்க் குழாய் பொருத்துவோர்க்குப் பம்பாய் போன்ற பெருநகரங்களில் நகராட்சி சீட்டு வழங்குகின்றது. ஆனால் அவ்வீட்டிற்குக் கடைக்காலிட்டுச் சுவரெழுப்பிக் கம்பி கட்டி மேல்தளம் பரப்பும் கொத்தருக்கோ எச்சீட்டும் வேண்டுவதின்று. எமக்கும் ஒன்று தருக என்று அவர் கேட்பினும் கொடுப்பார் இலர். விளக்கு எரியாவிடின் ஓரிரவு இருளில் உண்டு உறங்கலாம். தளம் இற்று வீழின் உண்பார் யார், உறங்குவார் யார்? இவ்வொழுங்கின்மை எங்ஙனம் நேர்ந்தது, பண்டைக் காலத்தில் கட்டடத் தொழிலாளர்க்கு உரிமை வழங்கியவர் அரசரா ஊராரா, இனி வழங்கத் தக்கவர் யார் என்பவற்றை நம் நாட்டுச் சாசனங்களையும் சட்டங்களையும் கொண்டு ஈண்டு ஆராய்வாம். நம் குலத்தார் தொழில் பற்றிய செய்தியாகலின் அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களென்று நம்புகின்றோம்.

முதற்கண் ஒன்று தெளிதல் நலம். உரிமைச் சீட்டு என்னும் ஒரு பெயருக்குள் இருவேறு பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. ‘இவன் இத்தொழிலைச் செய்யலாம்’ என்பது ஒன்று. ‘இவன் இத்தொழிலைச் செய்ய வல்லவன்’ என்பது மற்றொன்று. முன்னது அனுமதி, பின்னது தகுதிச் சான்று. அனுமதியை எங்கோ நெடுந்தொலைவில் இருப்பவரும் ஓர் ஓலையில் எழுதி விடுக்கலாம். தகுதியை அறிவதற்கோ கட்டிய சுவரைக் கண்ணாற் கண்டு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தவர் வேண்டும். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதனாலேயே பல குழப்பங்கள் விளைகின்றன.

நம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை அறியாதார் நம்முள் இலர். 1945-ம் ஆண்டில் வீலர் துரை அங்கு அகழ்ந்தபோது, ஆற்றோரமாக நூற்றைம்பது அடிக்கு மேல் நீண்ட செங்கற் கட்டடம் ஒன்றும் தொட்டிகள் சிலவும் வெளிப்பட்டன. பண்டசாலை என்று அவர் கருதிய அக்கட்டடம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. பானை ஓடுகளிற் பெயர்களைக் கீறி வைத்தவர் பலர். சுவரெடுத்தவர் பெயரோ ஒன்றேனும் கிடைத்திலது. அவர்க்கு அவ்வேலையை அளித்தவர் அரசரோ, ஊராரோ, வணிகரோ என்பதற்கும் அங்குச் சான்றில்லை. ஆதலின் எழுத்துச் சான்று உள்ள காலத்திற்கே செல்வோம்.

காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879-ம் ஆண்டில் செப்பேடுகள் சில வெளிப்பட்டன. அவை பல்லவ மன்னன் நந்திவர்மன், பல்லவமல்லன் எனப்படுவோன், தன் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் ஓர் அந்தணர்க்கு ஊர் ஒன்றைத் தானமாக வழங்கியதைக் கூறுவன, எட்டாம் நூற்றாண்டின. தானம் பெற்றவர்க்கு உரிய உரிமைகளை அவ்வேடு அடுக்கிச் சொல்கின்றது. ஆற்றுக்கால் வெட்டிக்கொள்ளலாம்; மனையும் மனைத்தோட்டமும் அனுபவிக்கலாம்; சுட்ட ஓட்டினால் வீடும் மாளிகையும் எடுக்கலாம் என்பது அவ்வடுக்கு. இதனை நன்கு நோக்குமின். சுட்ட மண்ணினால் வீடு கட்டுதல் அக்காலத்தில் யாவர்க்கும் இயல்பாக வாய்த்த உரிமையன்று. அரசன் கொடுத்தால் உண்டு. சோழர் செப்பேடுகளிலும் சுட்ட செங்கல்லால் மாடமெடுக்கும் உரிமை இங்ஙனமே தனித்து எடுத்தோதப்படுகின்றது.

நம் ஊருக்குத் தெற்கேயுள்ள பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் செப்பேடும் இங்கே நினைக்கத் தக்கது. அஃது அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு, அஃதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களை அளித்த சாசனம். அதனை எழுதியவர் பல்லவர்க்கு வழிவழித் தொண்டு பூண்ட காஞ்சித் தட்டார் குடியினர். கட்டுதற்கு உரிமை தரும் ஏட்டைத் தம் உளியாற் பொறித்த கை நம் குலத்துக் கையே. ஆயினும் அவ்வுரிமை அக்கைக்குக் கிட்டியதா என்று கேட்பின், விடை கொங்குநாட்டிலிருந்து வருகின்றது.

கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலிற் கல்வெட்டொன்று உண்டு. கோனேரிமேல்கொண்டான் என்னும் பட்டம் பூண்ட மன்னன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு விடுத்த ஆணை அது. பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடித் திங்கள் முதலாக அவர்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்படும்போது காலிற் செருப்புத் தரித்துச் செல்லலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று மன்னன் அருளினான். கொங்கில் வேறிடங்களிலும் இதனை ஒத்த சாசனங்கள் உள்ளன. இவற்றை நம்மவர் பலர் பெருமையாக எடுத்துச் சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம். பெருமைதான், மறுப்பாரில்லை. ஆயின் இந்த ஆணையைத் திருப்பிப் படித்தல் வேண்டும். ‘இனிச் சாந்து பூசலாம்’ என்றால், அதற்கு முன் பூசுதல் கூடாதென்பதன்றோ பொருள்? அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் அரைத்த சாந்தை அணியணியாகப் பூசிக் கண்ணாடிபோல் மினுக்கிய தொழிலாளர், தம் வீட்டு மண்சுவருக்கு ஒரு கை சாந்து அப்ப அரசனது ஓலையை எதிர்நோக்கியிருந்தனர்! தொழில் வல்லமைக்கு அவர்க்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை. அதனை ஊரே அறியும். வாழ்க்கைக்கே சீட்டு வேண்டியிருந்தது. அரசன் தந்தது தகுதிச் சான்றன்று, அனுமதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டிலேம்.

அரசர் திறமையை மதித்ததே இல்லையோவெனின், மதித்ததுண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்பாரும் அவ்வாறே அங்குக் குறிக்கப்பெற்றுள்ளனர். மன்னன் தன் பெயரையே தச்சன் பெயருக்கு முன் வைத்தளித்தல் அக்காலத்துப் பெரும் பட்டம். ஆனால் அப்பட்டம் கோயிலைக் கட்ட வல்லவர்க்குக் கிடைத்ததேயன்றிக் கட்டப்போகும் ஒவ்வொருவர்க்கும் கிடைத்ததன்று. நாடெங்கும் ஊர்தோறும் ஏரும் வண்டியும் கதவும் நிலையும் செய்த ஆயிரக்கணக்கான தச்சரும் கொல்லரும் இராசராசனைக் கண்ணாலும் கண்டிரார். அவர்களுக்கு உரிமை தந்தது ஊர். தச்சக்காணி, கொல்லக்காணி என்று நிலம் ஒதுக்கி, இவ்வூர் வேலை இன்னார்க்கு என்று நிறுவியது ஊரவை. வேலை பிழைத்தால் முறையிடும் இடமும் அதுவே.

ஊரவை தகுதியை எவ்வளவு நுணுக்கமாகக் காத்தது என்பதற்கு உத்தரமேரூரிற் பொன்னின் மாற்றுக் காண்போரைத் தேர்ந்த முறையே சான்று. கட்டடத் தொழிலன்றாயினும் நம்மவரிற் பொற்கொல்லர் பலராகலின் இதனைச் சொல்லாது செல்ல மனம் வரவில்லை. மாற்றுக் காண்போரைக் குடவோலை இட்டுத் தெரிந்தெடுத்தனர். அவர் எல்லார் பொன்னையும் பட்சபாதமின்றிக் காணுதல் வேண்டும். உரைத்த பொன் ஒட்டிய மெழுகைத் தாமே வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். உரிமை கொடுப்பதோடு நில்லாமல், உரிமை பெற்றவர் கையிற் பொன் துகள் ஒட்டிக்கொள்ளாதபடியும் பார்த்த ஊர் அது! இன்றைய லைசென்சு அலுவலகம் எதிலும் இதற்கீடான மெழுகுருண்டையை நாம் கேள்வியுற்றதில்லை.

நிற்க. நம் பொருளுக்கு எல்லாவற்றினும் நெருங்கிய சாசனம் திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் உள்ளது. முதற் குலோத்துங்கன் நாற்பத்தெட்டாம் ஆட்சியாண்டு, அஃதாவது 1118-ம் ஆண்டு, இராசாச்சிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி ஒரு வழக்கை ஆராய்ந்தனர். இரதகாரர் எனப்படும் அனுலோமக் கம்மாளர் செய்தற்குரிய தொழில்கள் யாவை என்பதே வழக்கு. யாக்ஞவல்கியர், கௌதமர் முதலியோர் நூல்களைப் பார்த்து அவர்கள் தீர்ப்புச் செய்தனர். வீடு முதலிய கட்டடம் எடுத்தல், தேரும் வண்டியும் செய்தல், கோபுரம் எழுப்பி அதிற் படிமங்கள் அமைத்தல், மண்டபம் கட்டுதல், வேள்விக் கருவிகள் செய்தல், அரசர்க்கு அணிகலன் இயற்றுதல் ஆகியவை அவர்க்கு உரியன என்பது அத்தீர்ப்பு. தனித்தனித் துறைகளைப் பெயர் சொல்லி வகுத்து, இன்ன துறை இன்னார்க்கு என்று ஓர் ஊரவை முடிவு கூறியதை இங்குக் காண்கின்றோம். மன்னனுடைய ஆட்சியாண்டு சாசனத்தின் தலையில் இருக்கின்றது, முடிவு ஊரவையினுடையது. அரசோ ஊரோ என்னும் வினா தொள்ளாயிரம் ஆண்டிற்கு முன்பே ஊர்ப் பக்கம் ஒருமுறை தீர்ந்திருந்தது.

ஆனால் இத்தீர்ப்பிலும் ஒரு குறை உண்டு. நம் குலத்தார்க்கு நன்மையாக முடிந்ததென்று அதனை மறைத்தல் நேர்மையாகாது. பட்டர்கள் ஆராய்ந்தது பிறப்பை, கைத்திறனையன்று. இரதகாரர் குடியிற் பிறந்த ஒருவன் மட்டப்பலகையை நேரே பிடிக்க அறியானாயினும் கோபுரம் கட்டும் உரிமை அவனுக்கு உண்டு. வேறு குடியிற் பிறந்து கல்லைப் பூப்போலச் செதுக்க வல்லான் ஒருவன் இருப்பின் அவனுக்கு இல்லை. ஊராரிடம் அதிகாரம் இருந்தால் ஊராரின் கண்ணும் அதிலிருக்கும். ஊராரின் பிடிவாதமும் அதிலிருக்கும். அணிமையில் இருப்பதன் நன்மையும் தீமையும் ஒன்றாகவே வரும்போலும்.

இனி, நம் புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டில் இவ்வினா எங்ஙனம் நடந்ததென்று சிறிது காண்போம். பாரிசு நகரில் 1268-ம் ஆண்டளவில் எத்தியேன் புவாலோ என்னும் நகர அதிகாரி அந்நகரத் தொழில்கள் நூறளவிற்கு உரிய வழக்கங்களைத் தொகுத்து ஏடாக்கினார். அதிலே கொத்தர், சாந்து குழைப்போர், சுதை பூசுவோர் ஆகியோர்க்கு ஒரு பகுதி உண்டு. தொழிலை அறிந்தவனாயின் விரும்பியவன் எவனும் பாரிசிற் கொத்தனாகலாம். மாணாக்கனை ஆறாண்டிற்குக் குறையாமல் வைத்துப் பழக்குதல் வேண்டும். கொத்தர்க்குத் தலைவனை மன்னன் நியமிப்பான் என்பது அவ்வழக்கம். தொழிலை அறிந்தவனாயின் என்னும் அவ்வொரு நிபந்தனை நம் 1118-ம் ஆண்டுத் தீர்ப்பில் இல்லாதது. பிற்காலத்தில் அங்கும் தொழிற்குழுக்கள் தந்தைக்குப்பின் மகன் என்று இறுகிப்போயின. 1776-ல் துர்கோ என்னும் அமைச்சர் அவற்றைக் கலைத்தார். அவர் பதவி நீங்கியதும் அவை அவ்வாண்டிலேயே மீண்டன. புரட்சிக்குப் பின் 1791-ம் ஆண்டுச் சட்டங்கள் அவற்றை அடியோடு ஒழித்தன. அதன்பின் எவரும் எத்தொழிலும் செய்யலாம். அரசிற்குப் பணம் கட்டிப் பத்தாந்த் என்னும் சீட்டுப் பெற்றால் போதும். அங்கே அனுமதி அரசிடம் சென்றது. தகுதிச் சான்று கொடுத்துவந்த குழுவோ மறைந்தது.

இவ்விடத்தில் ஒரு வியப்பு. பிரான்சில் தொழிற்குழுக்களை ஒழித்த அதே ஆட்சி, புதுச்சேரியிற் சாதி வழக்கங்களைக் காத்தது. 1819-ம் ஆண்டு சனவரி 6-ல் பிறந்த ஆணை, இந்தியரை முன்போலவே அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் நியாயம் விசாரிக்குமாறு விதித்தது. அவ்வழக்கங்களை எடுத்துரைக்க 1827-ல் இந்திய நியாய ஆலோசனைக் கமிட்டி ஒன்றும் ஏற்பட்டது. வலங்கை இடங்கைப் பூசல்களில் வாத்தியமும் கொடியும் பல்லக்கும் யார்க்கு உரியவை என்று நம் முன்னோர் அதிகாரிகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கருவூர்க் கல்வெட்டிற் கண்ட செருப்புக்கூட விடவில்லை. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர்போலப் பாதரட்சை அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துட் புகுந்தார். நீதிபதி தடுக்க, வழக்குப் பாரிசு வரை சென்று பிள்ளையவர்கட்குச் சார்பாக முடிந்தது. அணிமையிலுள்ளவர் மறுத்ததைச் சேய்மையிலுள்ளவர் கொடுத்தனர்! ஊராரையே முற்றும் நம்பியிருத்தல் கூடாதென்பதற்கு இவ்வழக்கையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1880-ம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரிப் பகுதியில் நான்கு கொம்யூன்களை நிறுவி நகரசபை முறையைக் கொணர்ந்தது. 1907-ல் அந்நான்கு எட்டாயின. நம் அரியாங்குப்பம் தனிக் கொம்யூன் ஆனது அப்பொழுதே. 1954-ல் ஆட்சி மாறி, 1962-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறிய பின்னரும் அப்பழைய முறையே சிலகாலம் தொடர்ந்தது. 1973-ல் இயற்றி 1974 சனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் இன்றைய கொம்யூன் பஞ்சாயத்து அமைந்தது. வீட்டு வரைபடத்திற்கு ஒப்புதல் தருவதோ 1969-ம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின்வழி வந்த திட்டக் குழுமம். அது தாளிலுள்ள கோட்டைப் பார்க்கும். கரண்டி பிடித்த கையைப் பார்ப்பதில்லை.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் இவ்விஷயம் வேறு வழியில் வளர்ந்தது. பம்பாய் மாநகராட்சிச் சட்டம் 1888-லேயே, நில அளவையாளர்க்கும் குழாய்த் தொழிலாளர்க்கும் மாநகராட்சி ஆணையர் சீட்டு வழங்க இடம் செய்தது. நகரத்துக் குடிநீரும் கழிவுநீரும் நகரசபையின் பொறுப்பாகலின் குழாய்க்காரரும் அதன் பொறுப்பாயினர். மின்சாரம் அங்ஙனமன்று. அது நகர எல்லையைக் கடந்து ஓடுவது. அதன் விதிகளும் அங்ஙனமே அமைந்தன. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் நாற்பத்தைந்தாம் விதி, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், மின்னமைப்பு வேலை செய்தல் வேண்டும் என்றது. அச்சான்று அவ்வரசே வழங்கியதாயினும் பிறர் வழங்கியதை அவ்வரசு ஏற்றுக்கொண்டதாயினும் அமையும். 2010-ல் புதிய ஒழுங்குமுறை வந்தபோதும் இக்கருத்து நிலைத்தது. ஓரிடத்துச் சான்றை மற்றோரிடத்தார் ஏற்றல் என்னும் இச்சிறு வாசகம் நம் தொழிலாளர்க்கு மிக இன்றியமையாதது. ஏனென்று பின்னர்க் கூறுவோம்.

குழாய்க்கும் கம்பிக்கும் கிடைத்த இம்முறை சுவருக்குக் கிடைக்கவில்லை. கட்டடக்கலைஞர்க்கு 1972-ல் ஒரு மத்தியச் சட்டம் உண்டாயிற்று. அதனாற் பயன் யாதெனின், பதிவு பெறாதார் ஆர்க்கிடெக்ட் என்று தம்மை அழைத்துக்கொள்ளல் கூடாது. 2020 மார்ச்சு 17-ல் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று: அச்சட்டம் பட்டப்பெயரைக் காக்கின்றதேயன்றி, அத்தொழிலைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை. பெருந்தச்சன் பட்டத்தைச் சோழன் கொடுத்த முறைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே! பொதுப்பணித் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிவு பெறுவோர் பொருள் வலிமைக்குச் சான்று காட்டல் வேண்டும். அவர்கீழ் வேலை செய்யும் கொத்தரும் தச்சரும் கம்பி கட்டுவோரும் எதுவும் காட்ட வேண்டுவதில்லை. காட்டுதற்கு ஒன்றும் இல்லாமையால் என்றும் கூலியாளாகவே நிற்கின்றனர். இருபதாண்டு தளம் போட்ட ஒருவர், ஒரு தளமும் போட்டறியாத சீட்டுடையாரிடம் நாட்கூலி பெறுதல் நம் ஊரிலே அன்றாடக் காட்சி. அவர் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர மறுப்பதில் வியப்பென்னை?

இதனால் விளையும் கேடு தொழிலாளர்க்கு மட்டும் என்று எண்ணற்க. மரச்சட்டங்களின்மேற் செங்கல்லைச் சாய்வாக நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு ஒட்டுத்தளம் போடும் வித்தையும், கடுக்காய்நீரும் வெல்லமும் கூட்டிச் சாந்தரைக்கும் பக்குவமும் புதுச்சேரிப் பழவீடுகளின் உயிர். வைசியாள் வீதியிற் பழைய தமிழ் வீடுகளைப் பழமை கெடாது புதுக்கியமைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது. அவ்வித்தை கைவந்த கொத்தர் இல்லாமல் அவ்வேலை நடந்திராது. ஆயின் யாரிடம் அவ்வித்தை உளது என்று கேட்பின், எடுத்துக் காட்டுதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு பதிவேடு இல்லை. கடற்கரையிலுள்ள மேரி கட்டடம், நகராட்சியின் சொந்த மாளிகை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. 2014 நவம்பர் 29-ல் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் மீண்டும் கட்டப்பெற்று 2021-ல் திறக்கப்பட்டது. பிறர் வீட்டிற்கு விதி வகுக்கும் சபையின் வீட்டையே உரிய காலத்திற் செப்பனிடுவார் இல்லாமற் போயினர் என்பது சிந்திக்கத் தக்கது.

அயல்நாடுகளில் இவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1929-ல் ஒப்பந்தக்காரர்க்கு உரிமம் தர மாநில வாரியம் ஒன்றை நிறுவியது. நியூயார்க்கிலோ பொதுக் கட்டட ஒப்பந்தக்காரர்க்கு மாநில உரிமம் இல்லை. குழாய், மின்சாரத் தொழிலாளர்க்கு நியூயார்க்கு நகரமே உரிமம் வழங்குகின்றது. புளோரிடாவில் நடந்தது நமக்குப் பெரிதும் பயன்படும் பாடம். அங்கே தனித்துறை ஒப்பந்தக்காரர்க்கு மாவட்டமும் நகரமும் தத்தம் விருப்பப்படி உரிமம் தந்துவந்தன. ஒரு மாவட்டத்துச் சீட்டு அடுத்த மாவட்டத்திற் செல்லாது. 2021-ல் மாநில சட்டமன்றம் அவ்வதிகாரத்தைத் தன்பாற் சேர்த்துக்கொண்டு, உள்ளூர் உரிமங்கள் 2023 சூலையோடு முடியுமென்றது. சுவர்ப்பூச்சு, வண்ணம் தீட்டுதல், ஓடு பதித்தல், அலமாரித் தச்சு, அலங்கார இரும்பு வேலை ஆகியவற்றிற்கு இனி உள்ளூரார் எவரும் உரிமம் கேட்டல் கூடாதென்றும் விதித்தது. உரிமம் இழந்தோர் மாநில உரிமத்திற்கு எங்ஙனம் மாறுவர் என்னும் குழப்பம் எழுந்தது. கெடுவை முதலில் 2024-க்கும் பின் 2025-க்கும் தள்ளிவைத்தனர். அயல் மாவட்டத்திற் சீட்டுச் செல்லாத தொல்லையை நீக்கப் புகுந்து, பல தொழில்களிற் சீட்டையே நீக்கிவிட்டனர். சாந்து பூசுவோர்க்கு அங்கே எல்லை திறந்தது. நல்ல பூச்சுக்காரர் இவர் என்று காட்டுதற்கு இருந்த தாள் போயிற்று.

நம் நாட்டிற்கு மீள்வோம். 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு பிரதமர் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்கள் அதில் அடங்கும். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், சிற்பியர் இவர்களோடு கொத்தரும் அப்பட்டியலில் உளர். பதிவு பெறுவோர்க்குச் சான்றிதழும் அடையாள அட்டையும் தருவர்; ஐந்து முதல் ஏழு நாட் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிக்கு 15,000 ரூபாய் என்பன பிற பயன்கள். கொத்தர் கையில் அரசு தரும் சான்று ஒன்று ஏறுவதற்கு இது வழி வகுத்தமை மகிழ்ச்சிக்குரியது. நம் குலமுதல்வர் பெயரைச் சூட்டியதில் நம்மவர் அகமகிழ்வதும் இயல்பே. ஆயின் ஐந்துநாட் பயிற்சியால் வரும் சான்று, அவர் இத்தொழிலில் இருக்கின்றார் என்பதைக் காட்டுமேயன்றி, தளம் தாங்குமா என்பதைக் காட்டாது. குடும்பத் தொழிலாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்குக என்று கூறித் தமிழ்நாட்டரசு 2024 நவம்பரில் இத்திட்டத்தை இவ்வடிவில் ஏற்க மறுத்தது. அம்மறுப்பில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். பட்டர்கள் 1118-ல் பிறப்பை நோக்கித் தீர்த்ததை இன்று திரும்பச் செய்தல் தகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவமும் சட்டமும் கற்கலாமாயின், பிறர் வீட்டுப் பிள்ளைகள் கரண்டியும் உளியும் பிடித்தலில் நமக்கு மனக்குறை எதற்கு?

இத்திட்டத்தில் நாம் உற்றுநோக்க வேண்டியது பதிவு நடக்கும் வரிசையே. விண்ணப்பத்தை முதலில் ஊராட்சியோ நகராட்சியோ சரிபார்க்கும். அடுத்து மாவட்டக் குழு. அதன்மேல் தேர்வுக் குழு. ஊர் காணும், மேலவர் ஒப்புவர் என்னும் இம்முறை நம் பழைய வழக்கத்திற்கு ஒத்ததே. ஆனால் நம் பகுதியில் ஊர் என்பது எங்கே? புதுச்சேரியில் 1968-க்குப் பின் முப்பத்தெட்டாண்டு கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோர் காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு தேர்தலின்றிக் கழிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வழக்கினால் நின்றது. ஊரார் தேர்ந்த கண் இல்லாதவழி, ஊர் சரிபார்த்தது என்னும் முத்திரைக்குப் பொருளென்ன? அதனை இடுவோர் மாற்றலாகி வந்து மாற்றலாகிச் செல்லும் அலுவலர். இன்ன தெருவிலுள்ள இன்னார் கட்டிய சுவர் பத்து மழைக்கு நின்றது என்பதை அவர் அறிதற்கு வழியில்லை.

ஆதலின் நம் கருத்து இது. திறமையைக் காண்பது ஊரின் வேலையாக இருத்தல் வேண்டும். கண்டதைச் செல்லுபடியாக்குவது அரசின் வேலையாக இருத்தல் வேண்டும். கடலூர் எல்லை நமக்குச் சில கல் தொலைவே. அரியாங்குப்பத்துக் கொத்தர் காலையில் அவ்வெல்லை கடந்து சென்று மாலையில் மீள்கின்றார். கொம்யூன் மட்டும் தரும் சீட்டு அவருக்கு எல்லை வரைதான் துணை வரும்; அரசு மட்டும் தரும் சீட்டோ அவர் கையைப் பாராத சீட்டு. மின்சார விதியில் உள்ளதுபோல், ஓரிடத்தார் கண்டு தந்த சான்றை மற்றோரிடத்தார் ஏற்கும் வழி கொத்தருக்கும் உண்டாதல் வேண்டும். சான்று தரும்போது கட்டி நிற்கும் வேலையைப் போய்ப் பார்த்தல் வேண்டும். தளம் போடுவோர்க்கு ஒன்று, சுண்ணாம்பு வேலைக்கு ஒன்று, கம்பி கட்டுவோர்க்கு ஒன்று எனத் தனித்தனியே தருதல் வேண்டும். குலம் கேட்டல் ஆகாது. தேர்தல் வந்து கொம்யூனில் உறுப்பினர் அமரும் நாளில் இதனை அவர்களிடம் விண்ணப்பிக்க நம் சங்கம் முன்னிற்றல் தகும்.

அதற்குமுன் நம்மால் இயலும் வேலை ஒன்று உண்டு. ஒட்டுத்தளமும் சுண்ணாம்புப் பூச்சும் கற்ற முதியோர் நம் கொம்யூனிலும் பாகூர், வில்லியனூர்ப் பக்கங்களிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் எக்குலத்தவராயினும், கட்டிய வீடுகள் எவை, யாரிடம் கற்றனர், யாருக்குக் கற்பித்தனர் என்பவற்றைக் கேட்டெழுதி அனுப்பும் அன்பர்க்கு நன்றியுடையோம். தச்சக்காணி, கொல்லக்காணி பற்றிய ஓலைகளோ, பிரெஞ்சுக்காலத் தொழிற் சீட்டுகளோ இல்லங்களில் இருப்பின், மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு படியெடுத்து அனுப்பினால் போதும்.